சொன்ன விலைக்கு வாங்கிய நாள்

பாலக்கரையில் அரிசி மண்டி வைத்திருக்கும் அடைக்கலராஜ், சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. 'ஒரே விலை' என்று போர்டு மாட்டியிருக்கும் கடைக்குப் போனால், அந்த போர்டை மாட்டியவரைக் கூப்பிடுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். காசு குறைவது அவருக்குப் பெரிதில்லை. எதிராளி ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அவன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்ய, இவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்ப, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே முடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் வியாபாரம். மற்றதெல்லாம் வெறும் கைமாற்றுதல்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஐசியூவில் கண் விழித்தவர், நர்ஸைப் பக்கத்தில் கூப்பிட்டு, இந்த ரூமுக்கு ஒரு நாளைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் சொன்னதும், நாலு நாள் சேர்த்து எடுத்தால் எப்படி என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அவர் மனைவி லிசி அதுவரை அழவில்லை. பேரம் பேசுகிறார், ஆள் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்த பிறகுதான் சுவரில் சாய்ந்து அழுதாள்.

ஆனால் அதற்குள் அவளும் ஒரு வியாபாரத்தை முடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது.

“வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேங்க. இவரைத் திருப்பிக் குடுத்துட்டா, இந்த வருசத் திருவிழாவுக்கு நடந்தே வந்துருவாருன்னு.”

அடைக்கலராஜ் கரண்டியைக் கீழே வைத்தார்.

“மெழுகுவத்தியில ஆரம்பிச்சிருக்கலாம்ல? எடுத்த எடுப்புல என் காலையே குடுத்துட்டு வந்திருக்க.”

“அன்னிக்கு எனக்குப் பேரம் பேச மூச்சு இல்லங்க.”

அவர் கரண்டியை மறுபடி எடுத்தார். சரக்கு வந்து சேர்ந்துவிட்டது, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறது. இனி விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொள்முதல் செய்த பிறகு விலையைக் குறைக்கப் பார்க்கிறவனை மண்டியில் யாரும் இரண்டாம் தடவை உள்ளே விடமாட்டார்கள். மாதாவும் விடமாட்டாள் என்றே அவர் நம்பினார்.

நடப்பது அவருக்குப் புதிதில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பாலக்கரையிலிருந்து காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு, தஞ்சாவூர் ரோடு வழியாக வேளாங்கண்ணிக்கு ஒரு கூட்டம் நடந்து போகும். பல வருடமாக அதன் தலைவர் அவர்தான். வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொடுப்பதும் அவர், வழியில் தங்கும் மண்டபத்துக்கு வாடகை பேசுவதும் அவர். இந்த வருடம் அந்தப் பொறுப்பு லிசியின் தம்பி டோனிக்குப் போயிருந்தது.

டோனி தென்னூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். வெள்ளென எழுந்து கொள்ளிடக்கரை வரைக்கும் சைக்கிள் மிதிப்பான். காலை வணக்கம் சொல்வதற்கு முன்னால் தன்னுடைய நாடித்துடிப்பைச் சொல்லிவிடுகிற ஆள். போன வருடம் வல்லம் பக்கத்தில் இரண்டு பேர் வெயிலில் சுருண்டு விழுந்ததை அவனால் மறக்க முடியவில்லை. ஆகவே ஒரு சட்டம் போட்டான். ஐம்பது தாண்டியவர்கள் ஒவ்வொருவரும், தங்கள் வயதுக்குரிய துடிப்பை ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் தாங்கிக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் பின்னால் வரும் வேனில் ஏறிக்கொள்ளலாம்.

அந்தத் துடிப்பு எது என்பதற்கு அவனிடம் கணக்கு இருந்தது. இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழி. வருவதில் நூற்றுக்கு எழுபது எடு. ஐம்பத்தாறு வயது அடைக்கலராஜுக்கு நூற்றுப் பதினைந்து. அதைத் தொட்டால்தான் மூச்சுக்கும் ரத்தத்துக்கும் பயிற்சி. தொடாத வரைக்கும் அது நடையே இல்லை, வெறும் உலாத்தல். ஈஸ்டருக்கு அவனே ஒரு கடிகாரம் வாங்கி வந்து அக்காள் புருஷனின் மணிக்கட்டில் கட்டிவிட்டான். துடிப்பு குறைவாக இருந்தால் அதன் வட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும், நூற்றுப் பதினைந்தை எட்டினால் பச்சை, எல்லை மீறினால் சிவப்பு.

“மாமா, நான் உங்கள வேணாம்னு சொல்லல. பச்சை வந்துச்சுன்னா நீங்கதான் முன்னால. நம்பர் சொல்லட்டும், நம்ம ஏன் வாயால மல்லுக்கட்டணும்?”

வேனில் போனால் நேர்ச்சை கழியாது. லிசி சொன்னது நடந்து வருவார் என்றுதான். ஆக, வேளாங்கண்ணிக்கும் அடைக்கலராஜுக்கும் நடுவே ஒரு பச்சை வட்டம் நின்றது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் மெஹ்ரீன் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், திருவிழாவுக்கு முன்னால் வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தார். கடிகாரத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று அடைக்கலராஜுக்குத் தோன்றவில்லை. நம்பர் வந்த பிறகு போய்க் காட்டலாம் என்று இருந்துவிட்டார்.

காலையில் லிசி அவரை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து மேலச்சிந்தாமணியில் இறக்கிவிடுவாள். அவர் காவிரிப் பாலத்தைக் கடந்து, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் வரை நடப்பார். அவள் முன்னால் போய் அங்கே காத்திருப்பாள். படித்துறைக்கு வெளியே சந்திரம்மாள் என்ற பெண் கூடையில் கொய்யா விற்றாள். நடை முடிந்ததும் அவளோடு ஒரு பேரம். கொய்யா சின்னது என்பார் இவர். ஐயா கண்ணாடி மாத்தி நாளாச்சு போலிருக்கு என்பாள் அவள். தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வருகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முதல் சில நாட்கள் கடிகாரம் தொண்ணூறுக்கு மேல் காட்டவில்லை. வட்டம் சாம்பல். அதற்குக் கீழே 'லேசான அசைவு' என்று எழுத்து வேறு. பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வியர்க்க வியர்க்கக் கடந்த மனிதனைப் பார்த்து லேசான அசைவு என்றால் கோபம் வராதா? ஆனால் அடைக்கலராஜ் கோபப்படவில்லை. கேட்ட விலைக்கு வராத ஆளை அவர் வாழ்நாள் முழுக்க எதிரே உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார். நூற்றுப் பதினைந்து கேட்டார். இதயம் தொண்ணூறு என்றது. வேகத்தைக் கூட்டினார். தொண்ணூற்று நாலு என்றது. சரி, இறங்கி வருகிற ஆள்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று தோன்றியது. தன் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருப்பது ஒரு கெட்டிக்கார வியாபாரி, அவனை மடக்குவதுதான் தன் வேலை என்று அவர் முடிவு செய்துவிட்டார். பல் தேய்த்ததும் விழுங்குகிற மாத்திரைகளில் ஒன்று என்ன வேலை செய்கிறது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

ஆடி மாதம் பிறந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் எதிர்க்காற்று. அன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவது என்று இறங்கியவர், வழக்கமாகப் பேச்சுக் கொடுக்கும் ஆட்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விரைந்தார். பாதிப் பாலத்தில் நூறு வந்தது. மாம்பழச் சாலையில் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை மாதிரி இருந்தன. நூற்று மூன்று. அம்மா மண்டபம் தெரியும்போது நூற்று நாலு. காதுக்குள் ரைஸ் மில் ஓடுகிற சத்தம்.

கூடைக்கு முன்னால் வந்து நின்றார். சந்திரம்மாள் விலை சொன்னாள். பதில் விலை அவருக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அதை வெளியே தள்ளிக் கொண்டுவரும் காற்றுதான் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் கேட்டதைக் கொடுத்தார். கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று ஒரு கணம் ஆச்சரியமாகக்கூட இருந்தது.

சந்திரம்மாள் நோட்டை வாங்கவில்லை. ஸ்கூட்டர் பக்கத்தில் காத்திருந்த லிசியைப் பார்த்தாள்.

“என்னம்மா, ஐயாவுக்கு எம்மேல ஏதும் கோவமா? சொன்ன விலைய நீட்டுறாரு.”

லிசி பாய்ந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

“நூத்தி,” என்றார். அடுத்த மூச்சில், “நாலு.”

அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்ததுதான் லிசியால் தாங்க முடியாததாக இருந்தது.

மெஹ்ரீன் அன்று முழுக்க அவரைத் தன் கண் பார்வையிலேயே வைத்திருந்தார். ஈசிஜி எடுத்தார், எக்கோ பார்த்தார், இரண்டு நாள் கழித்து டிரெட்மில்லில் ஏற்றி இறக்கினார். புதிதாக அடைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொன்ன பிறகு, பேனாவை மூடிவிட்டு, இந்த நூற்றுப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அடைக்கலராஜ் டோனியின் கணக்கைச் சொன்னார்.

மெஹ்ரீன் சிரிக்கவில்லை. அந்தக் கழித்தல் கணக்கு பொய்யில்லை, ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி என்றார். ஒரே வயதுள்ள ஆட்களை வரிசையாக நிறுத்தினால், ஒருவருக்கு அது பத்துப் பதினைந்து மேலே இருக்கும், இன்னொருவருக்கு அதே அளவு கீழே. அதில் நூற்றுக்கு எழுபது என்பதும் அப்படித்தான். மூச்சு சுகமாகப் போவதற்கும் திணறுவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அது எல்லா உடம்பிலும் ஒரே எழுபதில் நிற்பதில்லை. இதெல்லாம் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு. இவரோ இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர். கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் துடிப்பு அவ்வளவு ஏறாது. ஏறக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மாத்திரையே.

அடைக்கலராஜ் மேசை மேல் உள்ளங்கையை விரித்தார்.

“பேப்பர்ல பொன்னி என்ன விலைன்னு தினமும் போடுவான் டாக்டரம்மா. அந்த விலைக்கு எங்கயும் ஒரு மூட்டை கிடைக்காது. மூட்டையில குத்தூசிய விட்டு, உள்ள இருக்கறத உள்ளங்கையில கொட்டிப் பாத்தாத்தான் விலை.”

“அதேதான் சார். நீங்க பேப்பர் விலைக்கு உங்க உடம்ப வித்திருக்கீங்க.”

அது சுருக்கென்று தைத்தது. வாழ்நாளில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே. நடக்கிற நாட்களில் மட்டும் அந்த மாத்திரையை நிறுத்தினால் நம்பர் வந்துவிடுமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“நம்பர் வரும் சார். நீங்க வருவீங்களான்னு நான் சொல்ல முடியாது.”

லிசி அவர் தொடையில் கிள்ளினாள்.

அப்படியானால் குத்தூசி எங்கே என்பதுதான் அவருடைய கேள்வி. முகத்தில் மாஸ்க் மாட்டி, ஓடவிட்டு, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் அளந்தால் கோடு தெரியும் என்றார் மெஹ்ரீன். பெரிய ஊர்களில் அந்த வசதி உண்டு. ஆனால் ஏசி அறையில் எடுத்த கணக்கு தஞ்சாவூர் ரோட்டு வெயிலில் அப்படியே நிற்காது. தூக்கம் கெட்டிருந்தால், தண்ணீர் குறைந்தால், ஒரு டம்ளர் காபி கூடினால்கூட, அதே நடைக்குத் துடிப்பு வேறாக இருக்கும். பிறகு, நடக்கும்போது பேசுவீர்களா என்று கேட்டார்.

“தூங்கறப்பவே பேசுவாரு,” என்றாள் லிசி.

அதுதான் கையில் இருக்கிற அளவுகோல் என்றார் டாக்டர். முழு வாக்கியம் உடையாமல் பேச முடிகிற வரை நடை பத்திரமான பக்கத்தில் இருக்கிறது. வாக்கியம் நடுவில் முறிந்து, மூச்சு வாங்கி, மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாயிற்று. அங்கேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ பேச்சும் கிடையாது, நடையும் கிடையாது, நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். கடிகாரத்தையும் தூக்கிப் போட வேண்டாம். ஊர்ச் சராசரியோடு ஒப்பிடாமல், அவருடைய நேற்றோடு ஒப்பிட்டால் அதுவும் ஏதாவது சொல்லும்.

“இதுவும் குத்துமதிப்புதான் சார்,” என்றார் எழுந்திருக்கும்போது. “ஆனா உங்க மூட்டையில குத்தினது.”

வெள்ளிக்கிழமை டோனி வீட்டுக்கு வந்தான். நடந்ததைக் கேட்டு முகம் கறுத்துவிட்டது. கடிகாரம் வாங்கிக் கொடுத்தது அவன்தானே. ஆனாலும் சட்டத்தை விடவில்லை. இப்போது இன்னும் பயந்துபோய், பேசாமல் வேனில் வந்துவிடுங்கள், மாதாவுக்கு எல்லாம் தெரியும் என்றான். அடைக்கலராஜ், நம்பரை விட்டுவிட்டுப் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொள் என்றார்.

“நம்பருக்கு வெட்கம், மானம் கிடையாது மாமா, உள்ளத சொல்லும். உங்க பேச்ச வெச்சு அளக்கறதுன்னா நீங்க இமயமலை உச்சியிலயும் பாஸ்.”

அதில் நியாயம் இருந்தது. பேரம் பேசுகிற வாய் தன் உடம்பைப் பற்றி மட்டும் ஏன் உண்மை சொல்ல வேண்டும்? அடைக்கலராஜ் யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அரியமங்கலத்திலிருந்து காட்டூர்ப் பக்கம் கூட்டத்தின் வேகத்தில் நடப்பது. அவர் செபமாலை சொல்லிக்கொண்டு வருவார். மணிக்கு ஒரு செபமாக ஐம்பது மணியும் குரல் உடையாமல் முடிந்தால் அவர் நடப்பார். உடைந்தால் பேச்சை விட்டுவிட்டு வேனில் ஏறுவார். டோனி ஒத்துக்கொண்டான். செபத்தில் மாமா ஏமாற்றமாட்டார் என்பது அவன் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் ரோட்டில் வண்டிகள் குறைவு. டோனி முன்னால் நடந்தான், அடைக்கலராஜ் பக்கத்தில், லிசி ஓர் அடி பின்னால். முதல் பத்து மணி கணீரென்று போனது. இரண்டாம் பத்தும் அப்படியே. டோனிக்கே முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடைக்கலராஜுக்கோ உள்ளே ஒரு கள்ளச் சந்தோஷம். செபமாலையில் முன்பாதியைத் தலைவர் சொல்வார், பின்பாதியைக் கூட்டம் சொல்லும். லிசியும் டோனியும் பதில் சொல்லி முடிக்கும் வரை அவருக்கு மூச்சு விட நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. பாதிச் செபம், பாதி ஓய்வு. இந்தத் தள்ளுபடி, ஏற்பாட்டைச் சொன்னபோதே அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மூன்றாம் பத்து தொடங்கும்போது லிசி வாயை மூடிக்கொண்டாள். தம்பியின் முதுகில் தட்டி அவனையும் நிறுத்தினாள்.

“பதிலையும் நீங்களே சொல்லுங்க.”

இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் தள்ளுபடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதா? அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் வரிகள் குட்டையாகின. நான்காவதில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நெஞ்சு தானாக விரிந்து காற்றைக் கேட்டது.

அந்த இடத்தில் அவருக்கு வழிகள் இருந்தன. செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று குனியலாம். இருமலாம். பக்தியில் குரல் தழுதழுத்ததாகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம், டோனி நம்பிவிடுவான். மண்டியில் எடை போடும்போது தராசில் விரல் வைக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். விரல் எப்போதும் எதிராளிக்கு நஷ்டமாகத்தான் அழுத்தும். இங்கே இரண்டு தட்டிலும் தானே உட்கார்ந்திருப்பதை அவர் கண்டார். யாரை ஏமாற்றி யாருக்கு லாபம்?

நின்றுவிட்டார்.

“முடியல மாப்ள. இந்த வேகம் எனக்கு ஆகாது.”

டோனி அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. சாம்பல் வட்டம். லேசான அசைவு. பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும் என்றால் எதை நம்புவது என்று தெரியாமல் சாலையோரம் நின்றான் பாவம். அவனுடைய சட்டப்படி மாமா இப்போது உலாத்திக்கொண்டிருக்க வேண்டும்.

“இத வெச்சு உங்கள ஒரு மணி நேரம் தள்ளியிருப்பேனே மாமா,” என்றான் கடைசியில். 

மூச்சு அடங்கியதும் திரும்பி நடந்தார்கள். இந்தத் தடவை அடைக்கலராஜ் தன்னுடைய வேகத்தில், வாடிக்கையாளரை வாசல் வரை வழியனுப்பப் போகிற நடையில் போனார். விட்ட இடத்திலிருந்து, இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொண்டு. ஐந்தாம் பத்து முடியும் வரை ஒரு வரிகூட முறியவில்லை. டோனி பொறுமையில்லாமல் முன்னால் போவதும் நின்று காத்திருப்பதுமாக வந்தான்.

அரியமங்கலத்தில் டீ குடிக்கும்போது பேரம் முடிந்தது. கூட்டத்தின் வேகம் அவருக்கு ஆகாது, அது தீர்ந்த விஷயம். அவருடைய வேகத்துக்குக் கூட்டம் வராது, அதுவும் தீர்ந்தது. ஆகவே தினமும் கூட்டத்துக்கு முன்னால் அவர் கிளம்பிவிடுவார். அவர்கள் வழியில் முந்திப் போகட்டும், மத்தியானம் தங்கும் இடத்தில் சேர்ந்துகொள்வார். சட்டப்படி தோற்றவர் வேனில் ஏற வேண்டும், ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றி டோனி அதற்குப் பிறகு பேசவில்லை. மெஹ்ரீனிடம் கேட்காமல் ஆகாது என்று மட்டும் சொன்னான். அவரும் கேட்டார். டாக்டர் தூரத்தைப் பாதியாக வெட்டி, நாட்களைக் கூட்டி, வெயில் ஏறியதும் நிழலில் படுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இரண்டு நாளுக்காவது தூரத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டுப் பார்த்தார் அடைக்கலராஜ். டாக்டர் அசையவில்லை. ஆகவே கூட்டத்துக்கு முன்னால் கிளம்புவது என்பது சில நாட்கள் முன்னதாகவே கிளம்புவது என்று ஆயிற்று.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். தனியாக அனுப்ப முடியாது. பேசினால் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

“என் கால அடகு வெச்சவ உன் காலையும் கொண்டா,” என்றார் அடைக்கலராஜ். லிசி அதுவரை தான் நடப்பதைப் பற்றி நினைத்ததே இல்லை. இரண்டு நாள் முனகினாள். மூன்றாம் நாள் போய்க் காவிச் சேலை வாங்கி வந்தாள்.

கிளம்பிய அன்று காட்டூர் தாண்டும்போது பொழுது விடிந்தது. வழியனுப்ப டோனி சைக்கிளில் கூடவே வந்தான். துவாக்குடி நெருங்கும்போது வெயில் சுள்ளென்று ஏற ஆரம்பித்தது. சைக்கிளை நிறுத்தித் தன் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“என்ன மாப்ள, சிவப்பா?”

“மெதுவாத்தான் மாமா மிதிச்சேன். ராத்திரி சரியா தூங்கல, காலைல ரெண்டு காபி, இப்ப வெயில் வேற. எனக்கு ஒண்ணுமே செய்யல, ஆனா இது இப்படிக் கத்துது.”

இவ்வளவு நீளமாகப் பேசுகிறவனுக்கு மூச்சு முட்டவில்லை என்பது தெரிந்தது. அடைக்கலராஜ் ஜெயித்த முகம் காட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அது பொய் சொல்லவில்லை, நீ கேட்டது ஒன்று, அது சொல்வது வேறொன்று என்றார். வெயிலையும் தூக்கத்தையும் காபியையும் சேர்த்துத்தான் அது துடிக்கிறது, கால் எவ்வளவு உழைத்தது என்று அதனிடம் மட்டும் கேட்டால் எப்படிச் சொல்லும்? டோனி தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்து, திரும்பிப் போனான்.

வெயில் தாழும் வரை அதே நிழலில் படுத்து எழுந்து நடந்தபோது இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். வாழ்நாள் முழுக்க 'கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்க' என்று சொல்லிப் பழகியவள் இப்போது, பேசுங்க, பேசுங்க என்று முடுக்கிக்கொண்டே வந்தாள். அவரும் பேசினார். ஆந்திரா அரிசி வந்த கதை, பெண் பார்க்க வந்த அன்று லிசியின் அப்பாவிடம் வண்டி வாடகைக்குப் பேரம் பேசிய கதை, அவள் நூறு தடவை கேட்ட கதைகள் எல்லாம். நடு நடுவே அவள் உம் கொட்டாமல் வந்தால், கேக்கறியா என்று அதட்டவும் செய்தார்.

பிறகு பேச்சு நின்றுவிட்டது.

லிசி கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மண்டபத்தில் அவர் நோட்டை நீட்டிக்கொண்டு நின்ற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“ஏங்க, மூச்சு வாங்குதா? நெஞ்சு ஏதும்...”

“இல்லயே.”

“அப்புறம் ஏன் பேசாம வர்றீங்க?”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில உனக்குப் பேரம் பேச மூச்சு இல்லன்னு சொன்னியே. யாருமே உன்ன உக்காரச் சொல்லியிருக்க மாட்டாங்களேன்னு யோசிச்சிட்டு வந்தேன்.”

லிசி கையை விடவில்லை. லாரி ஒன்று இரைந்துகொண்டு போனது. அது கிளப்பிய புழுதி அடங்கும் வரை இருவரும் நின்றார்கள்.

“யோசிக்கறதா இருந்தா சொல்லிட்டு யோசிங்க,” என்றாள். “நான் என்னன்னு கண்டேன்?”

பேச்சு உடைந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ஆனால் பேச்சு இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று அந்த அளவுகோல் சொல்லாது. அதற்குக் கையைப் பிடித்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும் போலிருந்தது. டாக்டரம்மா இதையும் குத்துமதிப்பு என்றுதானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டார் அடைக்கலராஜ்.

இன்னும் கொஞ்ச தூரத்தில், சாலையோரம் ஒரு பெண் பனையோலைக் குட்டானில் வெள்ளரிப்பிஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றார். ஒரு பிஞ்சை எடுத்து உருட்டிப் பார்த்து, இது பிஞ்சா பேரப்பிள்ளை எடுத்த பாட்டியா என்று ஆரம்பித்தார். அவள் விலை சொன்னாள். அவர் அதில் பாதி சொன்னார். காவி கட்டிக்கிட்டு மாதாகிட்ட போறவர் பேசற பேச்சா இது என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். மாதாவே ஒத்துக்கொள்கிற விலை இதுதான் என்று நீளமாக, உடையாமல், காரண காரியத்தோடு விளக்க ஆரம்பித்தார் அவர்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள், இறங்கி வருகிற முகம். அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்ற லிசி, சீக்கிரம் இறங்கிவிடாதே என்று அவளுக்குக் கண்ணால் சாடை காட்டினாள்.